நேர்மை என்றால் என்ன? (பத்து மதிப்பெண்)

நண்டலாறு கலைக் கல்லூரியில் பழங்கிரேக்க உரையாடல்களைப் படிப்பதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் அவற்றில் உள்ள கேள்விகளை நீக்கிவிட வேண்டும். மிச்சமிருப்பதற்கு எண் கொடுத்து மனப்பாடம் செய்ய வேண்டும்.

இந்த முறையை உருவாக்கியவர் தத்துவத் துறைத் தலைவர் முனைவர் சிதம்பரநாதன். பாடமாக வைக்கப்பட்டிருந்த உரையாடல் தமிழ் மொழிபெயர்ப்பில் அறுபத்திரண்டு பக்கம். துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருக்கும் ஒருவரை ஒரு கிழவர் வழிமறித்து, நேர்மை என்றால் என்ன என்று கேட்கிறார். அதிகாரி ஒரு பதில் சொல்கிறார். கிழவர் அந்தப் பதிலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கிறார். பதில் நிற்காமல் போகிறது. அதிகாரி இன்னொரு பதில் சொல்கிறார். அதுவும் நிற்கவில்லை. இப்படி ஐந்து பதில்கள் விழுந்த பிறகு, கப்பல் ஒன்று வந்துவிட்டது, அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி அதிகாரி நடையைக் கட்டுகிறார். அத்தோடு உரையாடல் முடிந்துவிடுகிறது.

சிதம்பரநாதனின் கையேட்டில் இதெல்லாம் பதினொரு பக்கம்தான். விழுந்துபோன ஐந்து பதில்களும் அதில் எழுந்து வரிசையாக நின்றன. தலைப்பு, 'நேர்மையின் ஐந்து இலக்கணங்கள்'. முதல் இலக்கணம், 'மேலதிகாரியின் சொற்படி நடத்தலே நேர்மை'. முன்னுரையில் அவர் எழுதியிருந்தார்: "மூலநூலில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாணவர் நலன் கருதி அப்பகுதிகள் நீக்கப்பட்டுள்ளன."

அந்தக் கல்லூரியில் தேவிகா ஒன்பது வருடங்களாகக் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். கௌரவம் ஒவ்வொரு மே மாதமும் முடிந்துவிடும். ஜூன் மாதம் முதல்வர் கையெழுத்துப் போட்டால் மறுபடி வரும். ஊர் போலகம். கணவன் கலைவாணனுக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. காவிரியில் தண்ணீர் வருகிற வருடம் அவனுக்கு வேலை, வராத வருடம் அவளுக்கு மட்டும் வேலை என்று குடும்பம் நடந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் ஸ்கூட்டியில் பட்டினம் என்ற ஊரைத் தாண்டி, அரசலாற்றுப் பாலம் ஏறிக் காரைக்காலுக்கு வருவாள். கிரேக்க உரையாடல் தாளை யாரும் எடுக்க விரும்பாததால் அது அவளிடம் வந்திருந்தது.

அவள் அதை வேறு மாதிரி நடத்தினாள். கையேட்டை மூடி வைத்துவிட்டு மொழிபெயர்ப்பை நகலெடுத்துக் கொண்டுவந்தாள். ஒரு மாணவியைக் கிழவராக்கி, இன்னொருத்தியை அதிகாரியாக்கிச் சத்தமாகப் படிக்க வைத்தாள்.

"என்ன சொல்றாங்கன்னு மட்டும் பாக்காதீங்க. யாரு சொல்றா, யாருகிட்ட சொல்றா, எந்த எடத்துல பேச்ச மாத்துறான்னு பாருங்க. கிழவர் சொல்லிட்டாருங்கறதுக்காக அதையும் அப்படியே முழுங்கிடாதீங்க. இத எழுதுனவரு ஒரு எடத்துலயும் தன் வாயால பேசல. ஏன் பேசலன்னு யோசிங்க."

அதிகாரியாகப் படித்தவள் மூன்றாமாண்டு மாணவி நஜீபா. கடைசி வரியைப் படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேடம், கப்பலெல்லாம் ஒண்ணும் வரலதானே?"

"ஏன் அப்படிச் சொல்ற?"

"முதல் பக்கத்துல அவரே சொல்றாரு, காத்து இல்ல, மூணு நாளாக் கப்பல் வரலன்னு. அப்பறம் எப்படித் திடீர்னு வரும்? தனக்கு ஒண்ணும் தெரியலன்னு அவருக்கு வெளங்கிப்போச்சு. வெக்கமாயிருக்கு. ஒத்துக்க முடியாம ஓடுறாரு."

தேவிகா மூன்று வருடமாக அந்த உரையாடலை நடத்துகிறாள். காற்றில்லாத விஷயத்தை அவள் கவனித்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய்க் கலைவாணனிடம், "இன்னிக்கு ஒரு பொண்ணு எனக்குப் பாடம் நடத்துனா" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஏப்ரல் மாதம் தேர்வு வந்தது. கல்லூரி தன்னாட்சி பெற்றது என்பதால் கேள்வித்தாளும் விடைக் குறிப்பும் அங்கேயே தயாராயின. கேள்விகள் இல்லாத பாடத்திலிருந்து கேள்வி எடுப்பது கடினம். அதனால் எட்டு வருடங்களாக ஒரே கேள்விதான் வந்துகொண்டிருந்தது. 'நேர்மை என்றால் என்ன? (10 மதிப்பெண்)'. விடைக் குறிப்பில் ஐந்து இலக்கணங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்.

நாற்பது மாணவர்களில் முப்பத்தொன்பது பேர் ஐந்து இலக்கணங்களை எழுதியிருந்தார்கள். தேவிகாவிடம் படித்தவர்கள்தான். ஆனாலும் வகுப்பு வேறு, தேர்வு வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு விடைத்தாள் இப்படித் தொடங்கியது: 'நேர்மை என்றால் என்ன என்று இந்த உரையாடலில் யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதைச் சொல்வதுதான் இந்த உரையாடல்.' அதன்பின் நான்கு பக்கங்கள். ஒவ்வொரு பதிலும் எந்த வரியில், எந்தக் கேள்வியால் விழுந்தது என்று தெளிவாக இருந்தது. கப்பலும் இருந்தது.

தேவிகா அதற்கு ஒன்பது போட்டாள். மேற்பார்வை செய்த சிதம்பரநாதன் விடைத்தாளை விரலால் தள்ளினார்.

"மேடம், இதுல அஞ்சு பாயிண்ட் எங்க?"

"சார், மூலத்துல உள்ளபடி எழுதியிருக்கா..."

"மூலம் சிலபஸ்லயே இல்லயே. சிலபஸ்ல கையேடுதான இருக்கு. விடைக் குறிப்புல ஒண்ணும் பொருந்தலன்னா எவ்வளவு?"

அவரே அன்பாகப் பதிலும் சொன்னார்: "சைபர் மேடம். மே மாசம் வேற வருது. உங்க ஃபைல் முதல்வர் டேபிள்ல இருக்கு. எதுக்கு வம்பு?"

தேவிகா ஒன்பதை அடித்துப் பூஜ்யம் போட்டாள். திருத்தியதற்குச் சாட்சியாகப் பக்கத்தில் சிறிய கையெழுத்தும் போட்டாள். அந்த ஒன்பது போனதில் நஜீபா அந்தத் தாளில் தேறாமல் போனாள். அவளுக்குப் புதுச்சேரியில் முதுகலைக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூலை முடிவதற்குள் தேர்ச்சிச் சான்று காட்ட வேண்டும்.

நஜீபா மேல்முறையீடு செய்தாள். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை அதில் கேள்விக்குறி இருந்தது. இரண்டாம் முறை கேள்விக்குறியை எடுத்திருந்தாள், ஆனால் வாக்கியம் இன்னும் கேள்வியாகவே இருந்தது. மூன்றாம் முறை, 'எனக்குப் பூஜ்யம் கிடைத்தது. அறிய விரும்புகிறேன்' என்று எழுதித் தந்தாள். ஏற்றுக்கொண்டார்கள்.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம். கதவு மட்டும் பன்னிரண்டு அடி உயரம், உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் சின்னவராகத் தெரிவார். முதல்வர் முனைவர் சோமசேகரன் நடுவில் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் சிதம்பரநாதன். இடப்பக்கம், விடைத்தாள் திருத்தியவர் என்ற முறையில் தேவிகா. நஜீபா நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா பிரச்சினை?" என்றார் முதல்வர்.

"சார், மேலதிகாரி சொல்படி நடக்குறதுதான் நேர்மைன்னு விடைக் குறிப்புல இருக்குன்னு சொன்னாங்க. அது அந்தச் சுங்க அதிகாரி சொன்னதுதானே சார்? கிழவர் சொல்லலயே?"

"யாரு சொன்னா என்ன?" என்றார் சிதம்பரநாதன். "புஸ்தகத்துல இருக்கா இல்லயா?"

"இருக்கு சார்."

"அப்ப அது நூலாசிரியர் கருத்து."

"அதுக்கு அடுத்த பக்கத்துலயே, மேலதிகாரி திருடச் சொன்னா என்ன செய்வீங்கன்னு கிழவர் கேக்குறாரு சார். அதிகாரியால பதில் சொல்ல முடியல."

"அந்தப் பக்கம் கையேட்டுல இல்லம்மா."

"ஏன் சார் இல்ல?"

"அதுல வெறும் கேள்விதான் இருந்துது. எடுத்துட்டோம்."

முதல்வர் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். அவர் பேச விரும்பும்போது மேசை மேலிருக்கும் கண்ணாடிக் குண்டை உருட்டுவார். இப்போது உருட்டினார்.

"இங்க பாரும்மா. நான் இந்த நிறுவனத்துல முப்பத்தோரு வருஷமா இருக்கேன். மேலிடத்துலேருந்து வந்த ஒரு உத்தரவையாவது ஏன்னு கேட்டதில்ல. ஒரு தடவ, கட்டாத ஹாஸ்டலுக்குத் திறப்பு விழா நடத்தச் சொன்னாங்க. நடத்துனேன். ரிப்பன் கூட வெட்டுனோம், ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டி. கேட்டிருந்தா இந்த நாற்காலில இருப்பேனா? தத்துவம்னா அடக்கம். அந்தக் கிழவருக்குக் கடைசில என்ன ஆச்சுன்னு தெரியுமா உனக்கு? கேள்வி கேட்டாரு, வெஷத்தக் குடுத்துட்டாங்க. அதுதான் அவரு நமக்குச் சொல்ற பாடம்."

சிதம்பரநாதன் அதைக் குறித்துக்கொண்டார்.

நஜீபா தனக்குத் துணை இருக்கிறது என்ற நம்பிக்கையோடு நிமிர்ந்தாள்.

"தேவிகா மேடம்தான் சார் இப்படிப் படிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. யாரு பேசுறா, எங்க பேச்ச மாத்துறான்னு பாக்கணும்னு. மேடமே சொல்வாங்க."

மூன்று முகங்களும் தேவிகா பக்கம் திரும்பின. மேசையில் கோப்புகளின் அடுக்கு இருந்தது. மேலிருந்து இரண்டாவது கோப்பின் ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைத் தேவிகா பார்த்தாள்.

"அப்படியா மேடம்? நீங்களா சொல்லிக் குடுத்தீங்க?" என்றார் முதல்வர்.

"இல்லங்க சார்," என்றாள் தேவிகா.

அவ்வளவு எளிதாக அது வெளியே வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

நஜீபா தேவிகாவைப் பார்த்தாள். அவள் முகம் மெல்லச் சிவந்து காதுவரை போனது. பொய் சொன்னவள் அவள்தான் என்று யாரும் நினைக்கலாம். துப்பட்டாவின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள்: "நான்தான் சார் தப்பா புரிஞ்சிக்கிட்டேன் போல. மேடம் வேற ஏதோ சொல்லியிருப்பாங்க. மன்னிச்சிருங்க."

அவள் போன பிறகு சிதம்பரநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "பொண்ணு மொகம் செவந்துதே, பாத்தீங்களா சார்? தன் அறியாமைய உணர்ந்து வெக்கப்படுறதுதான் கிரேக்க முறையோட உச்சம்னு சொல்லுவாங்க. நம்ம கல்லூரில அது இன்னிக்கு நடந்துருக்கு."

கூட்டக் குறிப்பில் அது பதிவாயிற்று: 'மாணவி தம் தவறை உணர்ந்து வெட்கமுற்றார். பாடத்தின் நோக்கம் நிறைவேறியது.' கீழே மூவரும் கையெழுத்திட்டார்கள்.

மறுநாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிக் கிரேக்க வகுப்புகள் நடக்கும்போது கதவுகள் திறந்திருக்க வேண்டும். மாணவர் எவருக்கும் கேள்வி எழுந்தால் உரிய படிவத்தில் அதன் பதிலையும் சேர்த்து எழுதித் தர வேண்டும். பதில் இல்லாத படிவங்கள் நிராகரிக்கப்படும்.

அதற்கு அடுத்த வாரம் முதல்வர் தேவிகாவைக் கூப்பிட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதோடு இன்னொரு செய்தியும் இருந்தது. கையேட்டின் இரண்டாம் பதிப்பு வருகிறது, அதற்கு அவள்தான் இணையாசிரியர்.

"நிறுவனத்துக்கு ஒரு சிக்கல்னு வந்தப்ப நீங்க எப்படி நின்னீங்கன்னு பாத்தேன் மேடம். அப்படிப்பட்டவங்க பேரு அட்டைல வரணும்."

தேவிகா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கையிலிருந்த ஒப்பந்தத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அவள் அமைதியைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் பதிப்பில் எஞ்சியிருந்த கடைசிக் கேள்வியும், அதாவது அட்டையிலிருந்த 'நேர்மை என்றால் என்ன' என்ற நூற்பெயரும், 'நேர்மை' என்று சுருக்கப்பட்டது.

புத்தகம் வந்த அன்று கலைவாணன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போலகம் டீக்கடைக்குப் போனான். திரும்பி வந்து, "எல்லாரும் பாத்தாங்க தேவி. முதல் வரியப் படிச்சிட்டு, மேலதிகாரி சொல்றதக் கேக்குறதுதான் நேர்மையாம், கரெக்டா எழுதியிருக்காங்கன்னு சிரிச்சாங்க," என்றான். பாராட்டு என்று நினைத்துச் சொன்னான். தேவிகா அடுப்படிக்குப் போய் ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

வெளியீட்டு விழாவில் ஒரு நேரடி உரையாடலை நிகழ்த்திக் காட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று. கேள்வி கேட்கும் அதிகாரம் முதல்வருக்கே உண்டு என்பதால் கிழவர் வேடம் சோமசேகரனுக்குப் போனது. மாறுவேடப் போட்டிக்கு வாங்கிய வெள்ளைத் தாடி இருந்தது. எட்டு முழ வேட்டியைத் தோள்வழியாகச் சுற்றி ஊக்குக் குத்தினார்கள். சுங்க அதிகாரியாக இரண்டாமாண்டு மாணவன் செம்பியன். முப்பது பாதுகாப்பான கேள்விகளைச் சிதம்பரநாதன் எழுதித் தந்தார். சிலவற்றுக்கு 'ஆமாம் ஐயா, ஐயமே இல்லை' என்று பதில். சிலவற்றுக்கு 'இல்லை ஐயா, ஒருபோதும் இல்லை'. செம்பியன் கேள்விகளைப் பார்க்கவில்லை. பதில்களை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்திருந்தான். ஒவ்வொரு ஏழாவது பதிலுக்கும் கைதட்ட வேண்டும் என்று அரங்கத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. துணைத்தேர்வு எழுதப்போகிறவர்களுக்கும் வருகைப் பதிவு கட்டாயம் என்பதால் நஜீபாவும் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் மூன்றாவது நாற்காலி தேவிகாவுக்கு. விழா நன்றாகத்தான் தொடங்கியது. பத்தாவது கேள்விக்குப் பிறகு மின்விசிறிக் காற்றில் முதல்வர் கையிலிருந்த தாள்களில் இரண்டு ஒன்றாக ஒட்டிப் புரண்டன. அவர் தாடியை ஒதுக்கிக்கொண்டு, பதினொன்றாவதற்குப் பதிலாகப் பத்தொன்பதாவது கேள்வியைப் படித்தார்.

"நண்பனே, ஊரார் பொருளைத் திருடுபவனை நாம் நேர்மையானவன் என்போமா?"

"ஆமாம் ஐயா, ஐயமே இல்லை!" என்றான் செம்பியன்.

முதல்வர் ஒரு கணம் நின்றார். எழுதியிருப்பதைப் படிப்பவர் அவர், மேலே போனார்.

"கல்லூரியின் விதிகளை மாணவன் மதிக்க வேண்டும் அல்லவா?"

"இல்லை ஐயா, ஒருபோதும் இல்லை!"

"கற்றறிந்தோர் சொல்லைக் கேட்டு நடப்பது நன்று அல்லவா?"

"இல்லை ஐயா, ஒருபோதும் இல்லை!"

"பொய் சொல்லிப் பிழைப்பவன் பாராட்டுக்கு உரியவனா?"

"ஆமாம் ஐயா, ஐயமே இல்லை!"

பதினான்காவது பதில் அது. அரங்கம் கைதட்டியது. சிறப்பு விருந்தினர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். இவ்வளவு தெளிவான தத்துவ உரையாடலை எங்கும் கேட்டதில்லை என்று பிறகு பேசும்போது சொன்னார். சிதம்பரநாதன் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டலுக்கு நடுவில் பெண்கள் பக்கமிருந்து ஒரே ஒரு சிரிப்பு வந்தது. தேவிகா திரும்பிப் பார்த்தாள். நஜீபா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது இருவர் கண்களும் சந்தித்தன. உடனே நஜீபா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் கேலி இல்லை. பெரியவர் ஒருவர் ஆடை விலகி நிற்பதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டவர்கள் அப்படித்தான் குனிவார்கள்.

தேவிகாவால் அதற்குமேல் மேடையில் உட்கார முடியவில்லை. பொன்னாடையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு விசாரித்து விசாரித்து நஜீபாவின் வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்தவர் நஜீபாவின் தகப்பனார் சாதிக் பாட்சா. பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருப்பவர், கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது.

"டீச்சரா? வாங்க, வாங்க. உள்ள வாங்க. உம்மா, யாரு வந்துருக்கான்னு பாரு!" என்று மகளைச் செல்லமாகக் கூப்பிட்டார். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். "இது எந்நேரமும் உங்க பேச்சுத்தான் டீச்சர். அந்தக் கெழவர் கதைய எங்களுக்கெல்லாம் சொல்லும். ஒரு பேப்பர்தான் போயிருச்சு. நான் தப்பா எழுதிட்டேன் வாப்பான்னு சொல்லுச்சு. புள்ளைங்க தப்பு பண்றதுதானே. மறுபடி எழுதிக்கலாம், இன்ஷா அல்லாஹ்."

வீட்டில் கூட அவள் சொல்லவில்லை. தேவிகாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நஜீபா வந்து கதவோரம் நின்றாள்.

"பாய், அவ தப்பா எழுதல," என்றாள் தேவிகா. "நான் சொல்லிக் குடுத்ததத்தான் எழுதுனா. என்னை விட நல்லா எழுதுனா. விசாரணையில கேட்டப்ப நான் சொல்லிக் குடுக்கலன்னு பொய் சொல்லிட்டேன். சைபர் போட்டதும் நான்தான்."

சாதிக் பாட்சா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். சுருட்டி முடித்துப் பிரித்து மறுபடி சுருட்டினார். கோபப்பட்டிருந்தால் தேவிகாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மெதுவாக, "உங்களுக்கு என்ன கஷ்டமோ டீச்சர். டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

"மேடம், ஒண்ணு கேக்கவா?" என்றாள் நஜீபா.

"கேளு."

"அன்னிக்கு நீங்க இல்லன்னு சொன்னப்ப, நான் விடாம இன்னொரு தடவ கேட்டிருந்தா, உண்மையச் சொல்லியிருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் தேவிகா நினைத்தாள். மேசையும் கோப்பும் நினைவுக்கு வந்தன.

"தெரியல நஜீபா."

"எனக்கும் அதான் பயம். ரெண்டாவது தடவயும் நீங்க இல்லன்னு சொல்லிட்டா அப்பறம் உங்கள எப்படிப் பாக்குறதுன்னு இருந்துச்சு. அதான் கேக்கல."

டீ வந்தது. தேவிகா அதைச் சுடச்சுட விழுங்கிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினாள். குழுவின் முன் தான் சொன்னது பொய், மாணவி எழுதியது தன் பாடம், முதலில் தான் போட்ட ஒன்பதே சரியான மதிப்பெண் என்று மூன்று பத்தி. வேலை போய்விடும் என்று கலைவாணனிடம் முன்னாலேயே சொல்லிவிட்டாள். அவன், "சரி. இந்த வருஷம் தண்ணி வரும்னுதான் சொல்றாங்க," என்றான்.

பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது.

'தங்கள் கடிதம் குழுவால் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் குழுவின் முன் பொய் கூறியதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். பொய் கூறியதாகத் தாமே ஒப்புக்கொள்ளும் ஒருவரின் கூற்றை நம்பி முடிவெடுக்க விதிகளில் இடமில்லை. எனவே தாங்கள் பொய் கூறவில்லை என்றே குழு கருதுகிறது. மாணவியின் மதிப்பெண்ணில் மாற்றமில்லை. தங்கள் பணி தொடர்கிறது. தங்கள் நேர்மைக்குக் குழு நன்றி தெரிவிக்கிறது.'

அவள் முதல்வர் அறைக்குப் போனாள். அவர் மிகவும் கனிவாக இருந்தார்.

"வேலைப் பளு மேடம். எல்லாருக்கும் வர்றதுதான். நானும் சின்ன வயசுல இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கேன்."

"என்ன பதில் வந்துச்சு சார்?"

"அனுப்பல மேடம். அப்பவே எனக்குப் பக்குவம் இருந்துது."

'தங்கள் பணி தொடர்கிறது' என்ற வரியை முதன்முதலாகப் படித்தபோது தன் உடம்பு முழுக்கத் தளர்ந்து ஒரு நிம்மதி பரவியதைத் தேவிகா கவனித்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்ற வரி அதற்கு முன்னால்தான் இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் படித்தாள். பொய் சொன்ன நாளை விட இதுதான் அவளைக் கூச வைத்தது. பொய் பயத்தில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த நிம்மதிக்கு அவளிடம் காரணம் இல்லை. இரண்டாவது கடிதம் எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தாள். எழுதவில்லை.

ஜூலை இரண்டாம் வாரம் துணைத்தேர்வு நடந்தது. கிரேக்க உரையாடல் தாளுக்கு ஒரே ஒரு மாணவி. ஆனாலும் விடைத்தாளில் பெயர் கிழிக்கப்பட்டு ரகசிய எண் ஒட்டப்பட்டு, முத்திரையிட்ட உறையில் வந்தது.

"யாருதுன்னு தெரியாமத் திருத்தணும் மேடம்," என்றார் சிதம்பரநாதன். "அதுல நாம ரொம்பக் கண்டிப்பு."

தேவிகா காலியாக இருந்த ஆசிரியர் அறையில் உறையைப் பிரித்தாள். அந்தப் பெண் மறுபடியும் நான்கு பக்கம் எழுதியிருப்பாளோ என்று பயந்தாள். எழுதியிருக்க வேண்டும் என்றும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அப்படி எழுதியிருந்தால் இந்த முறை விடமாட்டேன், என்ன வந்தாலும் ஒன்பதைப் போட்டு நிற்பேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அழகான கையெழுத்து. 'நேர்மையின் ஐந்து இலக்கணங்கள்' என்று தலைப்பு, அதன் கீழே அளவுகோல் வைத்து இரட்டைக் கோடு. ஒன்று, மேலதிகாரியின் சொற்படி நடத்தலே நேர்மை. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. கையேட்டில் இருந்தபடியே, ஒரு எழுத்துப் பிசகவில்லை. மேற்கோள் காட்டினால் நல்லது என்பதால் கடைசியில் நூற்பெயரும் ஆசிரியர்கள் பெயரும் தந்திருந்தாள். இரண்டாவது பெயர் தேவிகாவுடையது.

விடைக் குறிப்பின்படி பத்துக்குப் பத்து. தேவிகா போட்டாள்.

எழுதாத பக்கங்களில் பிறகு யாரும் எதையும் சேர்த்துவிடாதபடி, திருத்துகிறவர் குறுக்கே கோடு அடித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. விடை ஆறாம் பக்கத்தோடு முடிந்திருந்தது. தேவிகா ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். எட்டு, ஒன்பது, பத்து. ஏதாவது ஒரு வரி, ஓரத்தில் ஒரு வார்த்தை, ஒரு கேள்விக்குறியாவது இருக்கும் என்று தேடினாள். பென்சிலால் எழுதியிருப்பாளோ என்று ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பதினாறாம் பக்கம்வரை வெள்ளையாகவே இருந்தது.

சிவப்புப் பேனாவைத் திறந்து, முதல் வெற்றுப் பக்கத்தின் குறுக்கே கோடு அடித்தாள்.